தனித் தட்டில் ஆறு பிஸ்கட்

அனுசூயா அன்னாசிப் பழம் தின்று ஆஸ்பத்திரியில் படுத்த சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. விக்னராஜ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விக்னராஜும் பார்க்கவில்லை, அவனுக்குப் பெனாசிர் அக்கா சொன்னார்களாம். நாங்கள் நால்வரும் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். அங்கே எந்த ரிப்போர்ட் எழுதினாலும் அளவெடுத்தவர் பெயர் முதல் வரியில் இருக்க வேண்டும். இந்தச் சம்பவத்தில் அளவெடுத்தவர் யாரென்றே தெரியாது. விக்னராஜ் கடலை கொறித்துக்கொண்டே சொன்னான், நானும் கடலை கொறித்துக்கொண்டே கேட்டேன், அவ்வளவுதான். இவ்வளவு பலவீனமான ஒரு தகவல் எட்டு மாதம் என் மண்டைக்குள் சும்மா கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்கு, முதல் தட்டைக் குக்கருக்குள் இறக்கி மூடி போட்ட பிறகு எழுந்து உட்கார்ந்தது. தட்டில் ஆறு பிஸ்கட். ஆறிலும் அன்னாசி. அனுசூயா நான்கு மணிக்கு வருகிறாள்.

அடுப்பு சிம்மில் எரிகிறது. இருபத்தைந்து நிமிடம் என்று வீடியோவில் அந்தப் பெண் சொன்னாள். அவளிடம் ஓவன் இருந்தது. என்னிடம் ஐந்து லிட்டர் குக்கர் இருக்கிறது. அடியில் இரண்டு விரல்கடை கல்லுப்பு, அதன்மேல் ஸ்டாண்டு, ஸ்டாண்டின்மேல் தட்டு, மூடியில் கேஸ்கெட் கிடையாது, வெயிட் கிடையாது. கேஸ்கெட்டைக் கழற்றினேனா? கழற்றினேன், இதோ ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. மூன்றாவது தடவையாகப் பார்க்கிறேன், மூன்று தடவையும் தொங்குகிறது. ஓவன் இல்லாதவர்களுக்கான முறை என்று இன்னொரு வீடியோவில் ஒரு அண்ணன் சொன்னார். ஆனால் செய்முறை முதல் பெண்ணுடையது. ட்ராபிக்கல் குக்கீஸ். அவளுடைய ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தேங்காயையும் அன்னாசியையும் மாவில் போட்டுவிட்டு, கண்ணை மூடுங்கள், நீங்கள் இப்போது ஒரு கடற்கரையில் இருக்கிறீர்கள் என்றாள். நானும் மூடிப் பார்த்தேன். சரவணம்பட்டியில்தான் இருந்தேன். தேங்காய் வாசனைக்கு எனக்குக் கடற்கரை வருவதில்லை, அப்பாவின் பனியன்தான் வருகிறது. அப்பா தேங்காய் உரிக்கிறவர். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு தோப்பாகப் போய், நட்டு வைத்த கம்பியில் குத்தி மூன்றே திருப்பில் உரித்துப் போடுவார். போன வாரம் பஸ்ஸில் நான்கு காய் கொடுத்து அனுப்பினார். அதில் இரண்டைத் துருவி, ஈரம் போக வறுத்து, மாவில் சேர்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இது வெப்ப மண்டலம். அப்படியானால் எனக்குக் கண்ணை மூடினால் பனி கொட்டுகிற பிஸ்கட் எது? ஆப்பிள் போட்டதா? ஆப்பிளும் ஊரில் காய்ச்சல் வந்தால் வாங்கி வருகிற பழம்தான். எனக்கு ஆப்பிள் வாசனைக்கு அரசு ஆஸ்பத்திரி வரும். ஆஸ்பத்திரி. இதோ திரும்ப வந்துவிட்டது.

நான்கு நிமிடம் ஆயிற்று. எங்கள் நால்வருக்கும் ஒரு பழக்கம் உண்டு. லேபில் மத்தியானம் எல்லா டப்பாவும் மேஜை நடுவில் போய்விடும், யாருக்கும் தனித் தட்டு கிடையாது, நான்கு கை உள்ளே போகும். மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். போத்தனூரில் பெனாசிர் அக்கா வீட்டில் பிரியாணி. அனுசூயா வீட்டில் அவளே போட்ட கம்பு தோசை. விக்னராஜ் வீட்டில் பரோட்டா. கடையில் வாங்கியது என்று வாசலிலேயே சொல்லிவிட்டான், மனசாட்சி உள்ளவன். என் முறையை நான் மூன்று தடவை தள்ளிப்போட்டேன். முதல் தடவை காய்ச்சல், அது உண்மை. இரண்டாம் தடவை பரீட்சை இருக்கிறது என்றேன். பரீட்சை இருந்தது, ஆனால் அடுத்த மாதம். மூன்றாம் தடவை வீட்டுக்கார அம்மா ஆள் வரவிடமாட்டார்கள் என்றேன். அது முழுப் பொய், அவர்களிடம் நான் கேட்கவே இல்லை. உண்மைக் காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. என் வீட்டுக்கு ஆட்களை அழைத்து, உட்கார வைத்து, என் கையால் ஒன்றைக் கொடுத்து அவர்கள் சாப்பிடுவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் வாங்கத்தான் தெரியும். பதினோரு மாதம் அவர்கள் கையால் தின்றுவிட்டு இன்று முதல்தடவை நான் கொடுக்கப் போகிறேன். கொடுக்கிற முதல் பொருளே ஒருத்தியின் தொண்டையை அடைத்தால்?

எப்படி அடைக்கும் என்று பார்க்க முடிகிறது. அவள் இரண்டாவது கடி கடிக்கிறாள். நல்லா இருக்குடா லோகு என்கிறாள். பிறகு இருமல். உதடு வீங்குகிறது. இந்த மாடிப்படியில் ஒருவர்தான் ஏறலாம், ஸ்ட்ரெச்சர் திரும்பாது. தெருவில் சாக்கடைக்கு வெட்டிப் போட்டிருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் முக்கிலேயே நின்றுவிடும். நானும் விக்னராஜும் நாற்காலியோடு தூக்குகிறோம். டாக்டர் கேட்கிறார், என்ன சாப்பிட்டாங்க? நான் வரிசையாகச் சொல்கிறேன், மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை, தேங்காய், சர்க்கரையில் சுண்டவைத்த அன்னாசி. எதில் வேகவைத்தீர்கள்? குக்கரில். குக்கரிலா? ஆமாங்க, அடியில் உப்பு. டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்க்கிறார். போதும். போனை எடுத்தேன். அனுசூயாவுக்கு அடித்தேன், மணி போய் நின்றுவிட்டது. அவள் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருப்பாள். போத்தனூரில் பெனாசிர் அக்காவை ஏற்றிக்கொண்டு, வழியில் துணிக்கடையில் இறங்கிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். அக்காவுக்கு அடித்தேன், அதுவும் மணி போய் நின்றது. இரண்டு போனும் சீட்டுக்கு அடியில் பெட்டிக்குள் ஒன்றுமேல் ஒன்று கிடந்து அடித்துக்கொள்ளும். விக்னராஜ் எடுத்தான். “டேய், அனுவுக்கு அன்னாசி ஆகாதுன்னு சொன்னியே, அது நிச்சயமா?” “யாரு சொன்னா?” “நீதான்டா சொன்ன.” “ஓ, ஆமா. காலேஜ்ல. ஆஸ்பத்திரில எல்லாம் சேத்தாங்க. ட்ரிப்ஸ் ஏத்தினாங்க.” “அன்னாசிதானே?” “அன்னாசி... இல்ல, மாம்பழமா? ஏதோ பழம்டா.” “ஏதோ பழமா? நல்லா யோசிச்சுச் சொல்லு.” “நான் என்னடா சாட்சிக் கூண்டுலயா நிக்கறேன்? தூங்கிட்டு இருந்தவனை எழுப்பி அன்னாசியா மாம்பழமாங்கற. சரி அன்னாசின்னே வெச்சுக்கோ. என்ன செஞ்சிருக்க, வாசம் வருதா?” போன் வழியாக வாசம் எப்படி வரும் என்று கேட்காமல் வைத்துவிட்டேன். ஏதோ பழம் என்றால் தேங்காயும் சேர்த்தியா? தேங்காய் பழமா? காய் என்றுதான் சொல்கிறோம், கோவிலில் உடைக்கும்போது பழத்தோடு சேர்த்து வைக்கிறோம். ஆனால் அவள் லேபில் என் டப்பாவிலிருந்து தேங்காய்த் துவையலை வழித்துத் தின்றிருக்கிறாள். ஒருமுறை அல்ல, வாரம் இருமுறை. அப்படியானால் தேங்காய் சோதித்தாயிற்று. அன்னாசி மட்டும்தான் பாக்கி.

“ஏனுங் தம்பி!” கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா, தெய்வாத்தாள் அம்மா. படியின் அடியில் நின்று கூப்பிடுவார்கள், முட்டிவலி, மேலே ஏற மாட்டார்கள். “குக்கர் வெச்சு இத்தன நேரமாச்சுங்களே, ஒரு விசிலுங் காணமே? தண்ணி ஊத்துனீங்களா?” இத்தனை நாள் என் விசில்களை அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. “ஊத்தலைங்க அம்மா.” “ஊத்தலையா! என்ன தம்பி சொல்றீங்க, வெடிச்சுப் போயிருமுங்!” “இல்லைங்க, உள்ள உப்புத்தான் இருக்குதுங்க.” “உப்பா?” “உப்புங்க.” “வெறும் உப்பையா தம்பி வேக வெக்கறீங்க?” பிஸ்கட் என்று விளக்கினேன். “பிஸ்கோத்தா? சரி சரி, எதுக்கும் விசில் வந்தா எறக்கிருங்க.” விசில் வராது. வராது என்று எனக்குத் தெரியும், வெயிட்டை நானே எடுத்து டம்ளரில் போட்டு வைத்திருக்கிறேன். ஆனாலும் என் காது காத்திருக்கிறது. அரிசிக்கு மூன்று, பருப்புக்கு நான்கு, கொண்டைக்கடலைக்கு ஏழு என்றே வளர்ந்த காது. சத்தம் போடாமல் வேகிற பண்டத்தை நம்புவது கஷ்டமாக இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று அதுவாகச் சொல்லாது, நாமாகத் திறந்து பார்க்கவும் கூடாது, திறந்தால் சூடு போய்விடும் என்றார் அந்த அண்ணன். அனுசூயாவின் தொண்டையும் அப்படித்தான். விக்னராஜ் சொன்ன வார்த்தை மட்டும் மேலே, உள்ளே உப்பா தண்ணீரா தெரியாது.

பத்தொன்பது நிமிடம். யோசித்தால் வழி இருக்கிறது. மாவு முழுவதிலும் அன்னாசியை நான் போடவில்லை. லேபில் புது மோட்டார் வந்தால் முதலில் ஒன்றைத்தான் ஓட்டிப் பார்ப்போம், எல்லாவற்றையும் ஒரே நாளில் எரித்துவிட மாட்டோம். அந்தப் பழக்கத்தில் மாவை மூன்றாகப் பிரித்து, ஒரு உருண்டையில் மட்டும் அன்னாசி பிசைந்தேன். மற்ற இரண்டும் வெறும் தேங்காய், ஈரத்துணி போட்டு மூடியிருக்கிறது. ஆகவே விஷயம் எளிது: அனுசூயாவுக்கு மட்டும் தேங்காய் பிஸ்கட், தனியாக ஒரு தட்டில். எளிது என்று நினைத்து முடிப்பதற்குள் கை நின்றுவிட்டது. தனியாக ஒரு தட்டில். தோப்புகளில் ஆட்களுக்கு டீ வரும். சிலருக்கு எவர்சில்வர் டம்ளரில் வரும். அப்பாவுக்கும் எங்கள் தெரு ஆட்களுக்கும் கொட்டாங்குச்சியில் வரும். பத்து வயதில் ஒருநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். என்னுடையது கண் இருக்கிற பாதி, டீ அடியில் ஒழுகிச் சட்டையில் இறங்கியது. அப்பா சொன்னார், “பாரு சாமி, நம்ம உரிச்ச காயி, சட்னிக்குப் போயிட்டு, சட்டியா நம்மகிட்டயே வந்துருச்சு. நன்றி உள்ள காயி.” எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சட்டையில் கறை போகவில்லை. அம்மா அதைத் துவைத்துத் துவைத்துப் பார்த்துவிட்டுக் கரித்துணி ஆக்கினாள். இன்று, என் வீட்டில், நான் முதல்முதலாகக் கொடுக்கிறபோது, ஒரு ஆளைப் பார்த்து இது உனக்கு, அது அவர்களுக்கு என்று தட்டைப் பிரித்து நீட்டுவேனா? நல்லதுக்குத்தானே என்று மனசு சொல்கிறது. எல்லாத் தனித் தட்டும் யாரோ ஒருவரின் நல்லதுக்குத்தான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மாட்டேன். அன்னாசி வேண்டாம், யாருக்குமே வேண்டாம். எல்லோருக்கும் தேங்காய் மட்டும், நடுவில் ஒரே தட்டு. அப்படியானால் இந்த ஆறு? அப்பா உரித்த காய் இதிலும் இருக்கிறது, கொட்ட முடியாது. நான் தின்கிறேன். தனித் தட்டு என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்றால் அது எனக்கு.

மூடியைத் திறந்தேன். அடி கொஞ்சம் சிவந்துவிட்டது, ஆனால் பிஸ்கட்தான். புட்டு ஆகவில்லை, கொழுக்கட்டை ஆகவில்லை. ஊதி ஊதி ஒன்றைத் தின்றேன். தேங்காய் முதலில் வந்தது, பிறகு ஓரத்தில் ஒரு புளிப்பு எட்டிப் பார்த்தது. மிக நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இல்லாமல் இருந்திருக்கலாம். இனிமேல்தான் வேலை. கையை மூன்று தடவை கழுவினேன். கரண்டியை மாற்றினேன். தட்டை மாற்றினேன். உப்பு? அன்னாசியின் ஆவி உப்பில் இறங்கியிருக்குமா? உப்பு எதையும் இழுக்கும். குக்கரைக் கிடுக்கியால் சாய்த்து, சுடச்சுட உப்பை வாளியில் கொட்டி, புது உப்பு போட்டேன். வாளி அடியில் ஈரம் இருந்திருக்கிறது, சடசடவென்று வெடித்தது. “தம்பீ!” என்று கீழேயிருந்து ஒரு அலறல். “விசில் இல்லைங்க அம்மா, உப்புங்க!” என்று நானும் அலறினேன். மூன்றேகாலுக்கு இரண்டாவது ஆறு உள்ளே போனது. மூன்றே முக்காலுக்கு மூன்றாவது ஆறு.

அது உள்ளே இருக்கும்போதே வந்துவிட்டார்கள். முதலில் விக்னராஜ், தலைமுடி ஒருபக்கம் படுத்திருந்தது. பின்னால் ஹெல்மெட்டோடு அனுசூயா, துணிக்கடைப் பையோடு பெனாசிர் அக்கா. “கீழ ஒரு அம்மா எங்களப் பிடிச்சுக்கிட்டாங்க,” என்றாள் அனுசூயா. “தம்பி நல்ல தம்பிதானுங், ஆனா உப்பை வேக வெக்கறாரு, என்னன்னு கேளுங்கங்கறாங்க. என்னடா ஆச்சு உனக்கு? எதுக்கு அத்தன மிஸ்டு கால்?” சும்மா என்றேன். இதுவும் பொய், இன்றைய கணக்கில் முதலாவது. பாயை விரித்து நடுவில் தேங்காய் பிஸ்கட் தட்டை வைத்தேன். ஐந்து பிஸ்கட் இருந்த சின்னத் தட்டை என் முழங்காலுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால், சுவரை ஒட்டி வைத்துக்கொண்டேன். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பெனாசிர் அக்கா முதலில் எடுத்தார்கள். “நீயே செஞ்சதா லோகு? மாஷா அல்லாஹ்!” அவர்கள் மெல்லுவதைப் பார்த்தேன். வாய் ஒருபக்கமிருந்து மறுபக்கம் போனது, தொண்டை ஏறி இறங்கியது. என் வீட்டில், என் கையால். எனக்குக் காதுமடல் சுட்டது. “கொஞ்சம் கெட்டியா இருக்கு, ஆனா நல்லா இருக்குப்பா.” விக்னராஜ் கடித்த சத்தம் சரளைக்கல்லில் வண்டி ஏறியதுபோல் கேட்டது. “பல்லுக்கு நல்ல எக்ஸர்சைஸ்டா.” பிறகு அவன் கண் சுவர்ப் பக்கம் போனது. “அதென்னடா அங்க, உனக்கு மட்டும் தனியா?” “அது அடி கருகினது, நான் தின்னுக்கறேன்.” “கருகலையே, நம்மளுதவிட நல்லா இருக்கே. பாருங்க இவன, நமக்குக் கல்லு, இவனுக்குப் பிஸ்கட்!” “நம்ம கூட்டத்துல தனித் தட்டு எப்படா வந்துச்சு?” என்றாள் அனுசூயா. சொல்லிக்கொண்டே என் முழங்காலுக்கு மேலாகக் கையை நீட்டி ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

“அதுல அன்னாசி இருக்கு!” என்று நான் கத்தியது கீழ்வீடு வரை கேட்டிருக்கும். அவள் மென்றாள். என்னைப் பார்த்தாள். “இருக்கட்டும். அதுக்கென்ன?” இன்னொன்றை எடுத்தாள். “டேய், இது செமையா இருக்கு. இதப் போயி ஒளிச்சு வெச்சுக்கிட்டு!” விக்னராஜும் ஒன்று எடுத்தான். தட்டை நோக்கி வந்துகொண்டிருந்த பெனாசிர் அக்காவின் கை பாதி வழியில் நின்று, திரும்பி, நடுத்தட்டுக்குப் போய் ஒரு தேங்காய் பிஸ்கட்டை எடுத்தது. நான் அதைப் பார்த்தேன், ஆனால் அப்போது எனக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அனுசூயாவின் கழுத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் கழுத்தை அரைமணி நேரம் விடாமல் பார்ப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று பத்தாவது நிமிடத்தில் உறைத்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. “என்னடா பாக்கற?” “ஒண்ணுமில்ல. மூச்சு சரியா வருதா?” “எனக்கா? இப்ப நீ கேட்டதுக்கு அப்புறம்தான் வரல.” விக்னராஜ் சிரித்ததில் அவனுக்குத்தான் புரையேறியது. அவன் முதுகில் மூன்று பேரும் தட்டிக்கொண்டிருந்தபோது அடுப்பில் மூன்றாவது ஆறு இருப்பது எனக்கு நினைவு வந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். கருப்பு. அடி, மேல், ஓரம், எல்லாமே கருப்பு. நான் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றேன். “கொண்டா, அதையும் நடுவுல வை,” என்றார்கள் பெனாசிர் அக்கா. வைத்தேன். அதிலும் இரண்டு காலியானது.

செவ்வாய்க்கிழமை லேபில் பெனாசிர் அக்காவிடமும் அனுசூயாவிடமும் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. இருவரும் படித்த காலேஜ் கேண்டீனில் அன்னாசித் துண்டு தின்று உதடு வீங்கியது பெனாசிர் அக்காவுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது அனுசூயா. அக்காவுக்கு ஊசி ஏறுவதைப் பார்த்து அனுசூயா மயங்கி விழுந்தாள். பக்கத்துக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள்.